அப்பா மனசுக்குப் பட்டுவிட்டதாம், மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பண்ருட்டிக்காரன்:
அப்பா பலாப்பழ மண்டி வைத்திருக்கிறார். பழத்தை ஒரு தட்டு தட்டுவார். சத்தம் மந்தமாக வந்து, முள்ளும் விரிந்திருந்தால் "நாளைக்கு அறுக்கலாம்" என்பார். தப்புவது அபூர்வம். இப்போது கடலூரில் கெடிலம் ஆற்றுப் பக்கம் ஒரு மனையைப் பார்த்துவிட்டு அதே தோரணையில் "மனசுக்குப் பட்டுடுச்சு, அட்வான்ஸ் போட்டுடு" என்கிறார். நான் விலை, பாதை, பட்டா என்று கணக்குப் பார்த்தால் "படிச்சவனுக்கு எல்லாமே சந்தேகம்" என்று நக்கல் வேறு. என்ன செய்யலாம்?

துறைமுகத்தான்:
பழம் என்றால் அப்பா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. தட்டிய பழத்தை மறுநாளே அறுத்துவிடுகிறார். தப்பு என்றால் அங்கேயே தெரிந்துவிடும். கேரி கிளைன் என்ற உளவியலாளர், தீயணைப்பு வீரர்கள் சட்டென்று எடுக்கும் முடிவுகளை மெச்சியவர். டேனியல் கானெமன் என்ற இன்னொரு உளவியலாளர் அந்த மாதிரி முடிவுகளில் ஓட்டை தேடியவர். எதிரெதிர் கட்சி! ஆனாலும் 2009இல் இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒத்துப்போன இடம் இதுதான்: செய்யும் வேலையில் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், சரியா தப்பா என்பது தெரியத் தெரியப் பழகியிருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளுணர்வை நம்பலாம். அப்பா இதுவரை எத்தனை மனை வாங்கியிருக்கிறார்?

பண்ருட்டிக்காரன்:
ஒன்றுகூட இல்லை. இருக்கும் வீடும் தாத்தா வாங்கியது.

கணக்கு டீச்சர்:
அதற்காக அவரை ஓரங்கட்டிவிடாதீர்கள் தம்பி. இதே கானெமன் 1950களில் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் நேர்காணலை மாற்றி அமைத்தார். ஆறு குணங்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண். எல்லாம் போட்ட பிறகுதான், கண்ணை மூடிக்கொண்டு 'இவன் எப்படி வருவான்' என்று கடைசியாக ஒன்று. அந்தக் கடைசி மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்குச் சமமாகப் பலித்தது. மனசைக் கேட்டதில் தப்பில்லை, எப்போது கேட்டோம் என்பதில்தான் விஷயம்.

அதனால் முதலில் வில்லங்கச் சான்று, பட்டா, பாதை எல்லாவற்றையும் அப்பாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அப்புறம் "இப்ப என்னப்பா தோணுது?" என்று கேளுங்கள். அப்போதும் பிடித்திருக்கிறது என்றால் அந்தப் பேச்சுக்கு எடை அதிகம்.

இன்னொன்று, ஆற்றுப் பக்கம் என்கிறீர்கள். கோடையில் பார்த்தால் எந்த மனையும் அழகுதான். 2015 நவம்பர் மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வாய்வார்த்தை போதாது, சுவரில் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.