அவுட்ரீச்சுக்குத் தமிழில் என்ன? ‘அறிவியல் அளவளாவல்’ என்று ஒரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

உயிரிப்பொறியியல் மாணவர் அணி தன் பக்கத்துக்காகத் தமிழ்ச் சொல் கேட்டு அனுப்பிய பட்டியலில் பெரும்பாலான சொற்கள் முடிவாகிவிட்டன. மரபணு, நொதி எல்லாம் பாடநூலிலேயே ஊன்றிவிட்டவை, அவற்றைத் தொடத் தேவையில்லை. பாக்டீரியாவுக்குள் இருக்கும் சிறு டி.என்.ஏ. வளையமான பிளாஸ்மிடை அப்படியே வைத்துக்கொள்ளலாம். உயிரிகளின் மரபணுக்களைத் திட்டமிட்டு மாற்றியமைக்கும் சிந்தெடிக் பயாலஜிக்கு என் வாக்கு ‘தொகுப்பு உயிரியல்’. ‘செயற்கை’ என்றதும் போலி, கலப்படம் என்றுதான் காதில் விழுகிறது. இழுபறி அவுட்ரீச்சில்தான், அதாவது ஆய்வகத்துக்கு வெளியே பொதுமக்களிடம் போய் அறிவியல் பேசும் வேலைக்கான சொல்லில்தான். அதை அவசரமாக முடிக்க வேண்டாம் என்பதற்காகவே இந்த நீண்ட மடல்.

> ‘மக்கள் தொடர்பு’ என்று போட்டுவிட்டுப் போகலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். மக்கள் தொடர்பு அலுவலர் என்றால் ஒரு நிறுவனத்தின் நற்பெயரைக் காப்பவர். ‘பரப்புரை’யோ தேர்தலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘களப்பணி’ என்றால் மண்ணும் நீரும் மாதிரி எடுக்கப் போனார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது ‘விழிப்புணர்வு’. எதற்கெடுத்தாலும் விழிப்புணர்வு முகாம், விழிப்புணர்வுப் பேரணி. கேட்பவர் உறங்குகிறார், சொல்பவர் எழுப்ப வந்திருக்கிறார் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அறிவியல் தொடர்பில் இதைக் குறைபாட்டு அணுகுமுறை என்பார்கள்: மக்களிடம் தகவல் குறைவு, அதை ஊற்றி நிரப்பினால் அறிவியலை ஏற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. பிரிட்டனில் 1985-இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, மக்கள் அறிவியலைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை முன்வைத்தது. 2000-இல் அங்கே நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் அவைக் குழுவின் அறிக்கை வந்தபோது பேச்சு உரையாடல் பக்கம் திரும்பியிருந்தது. இடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதன் கதிரியக்கச் சீசியம் மழையோடு வடமேற்கு இங்கிலாந்தின் கம்பிரியா மலைகளில் இறங்கியது. ஆடுகளை விற்கவும் அறுக்கவும் தடை வந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் வல்லுநர்கள். களிமண்ணில் சீசியம் மண்ணோடு பிணைந்து அடங்கிவிடும், அந்தக் கணக்கை வைத்துச் சொன்னார்கள். மலையில் இருந்ததோ அமிலத்தன்மை கொண்ட கரிமண். அதில் சீசியம் அடங்காமல் புல்லுக்குள் ஏறி, ஆட்டுக்குள் போய், திரும்ப மண்ணுக்கே வந்து சுழன்றது. கடைசித் தடைகள் நீங்க 2012 ஆயிற்று. இந்த விவசாயிகளிடம் பேசி ஆய்வு செய்த பிரயன் வின் ஒரு சோதனையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆடுகளை வேலிக்குள் அடைத்து, சீசியத்தைப் பிடித்துவைக்கும் ஒரு தாதுப்பொடியைப் புல்லில் தூவி, ஆட்டில் சீசியம் குறைகிறதா என்று அளந்தார்கள். திறந்த மலையில் மேயும் ஆட்டை அடைத்தால் உடம்பு தேறாது, அளவு சரியாக வராது என்று விவசாயிகள் முன்பே சொன்னார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. பிறகு அந்தச் சோதனையே கைவிடப்பட்டது. அந்த மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தவறான கணக்கு இன்னும் திருத்தமாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இனி, பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி ஆய்வு செய்யும் நம் மாணவர்கள் மக்களிடம் போய்ச் செய்வதைப் பார்ப்போம். பலரும் கையில் எடுப்பது ஸ்ட்ராபெர்ரியிலிருந்து டி.என்.ஏ. பிரிப்பதை. பழத்தைப் பையில் போட்டுப் பிசைந்து, பாத்திரம் கழுவும் திரவமும் உப்பும் சேர்க்கிறார்கள். திரவம் செல் சவ்வுகளை உடைக்கும், உப்பு டி.என்.ஏ. இழைகள் திரள உதவும். வடிகட்டி, குளிர்ந்த ஆல்கஹாலை மெதுவாக ஊற்றினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெள்ளை நூல் கிளம்பும். குச்சியில் சுற்றி எடுக்கலாம். நமக்கு ஒவ்வொரு குரோமோசோமிலும் இரண்டு படி, ஸ்ட்ராபெர்ரிக்கு எட்டு. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நிறைய வருவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

நூல் வந்ததும் பார்ப்பவர் இரட்டைச் சுருளைப் பற்றிக் கேட்பார் என்று அணி எதிர்பார்க்கும். அவர் கேட்பது, ‘அப்போ இதையும் சேர்த்தா சாப்பிடுறோம்?’ ஆமாம், செல் உள்ள எந்த உணவிலும் இது உண்டு, செரிமான நொதிகள் சிதைத்துவிடும். சரி, அப்புறம்? ‘நீங்க மாத்துற மரபணுவும் அப்படித்தானா? அந்த பாக்டீரியா ஆய்வகத்தை விட்டு வெளியே போயிட்டா?’ இந்தக் கேள்விக்குச் சுவரொட்டியில் விடை இருக்காது. வெளியே போனால் பாக்டீரியா தானே செத்துவிடும்படி தன்னழிப்பு ஏற்பாடு வைத்திருக்கிறோம் என்று சொல்லலாம். ஆனால் மரபணுவில் தானாக நேரும் திடீர்மாற்றத்தால் சில செல்களில் அது செயலிழக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு தடுப்பு போதுமா, இரண்டு வைக்கலாமா என்று அணி யோசிக்கத் தொடங்குவது அங்கேதான். மாணவர் உயிரிப்பொறியியல் போட்டியான ஐஜெம்மில் கல்விப் பணிக்கு ஒரு பரிசும், மக்களிடம் கேட்டதைக் கொண்டு திட்டத்தையே திருத்தியதற்கு வேறொரு பரிசும் தருவது இதனால்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இரண்டும் இரண்டு வேலை. நமக்கும் இரண்டு சொல் வேண்டும்.

சொற்பொழிவு, கண்காட்சி, காணொளி போன்றவற்றுக்கு ‘அறிவியல் பரப்பல்’ போதும். கேட்டுத் திரும்பும் வேலைக்கு ‘அறிவியல் அளவளாவல்’.

ஏன் அளவளாவல்? வேற்றுமை உருபைப் பாருங்கள். விழிப்புணர்வை மக்களுக்கு ஊட்டுகிறோம், பரப்புரையை மக்களிடையே செய்கிறோம். அளவளாவ வேண்டுமானால் மக்களோடுதான் முடியும். ‘மக்களுக்கு அளவளாவினோம்’ என்று யாராலும் எழுத முடியாது, இலக்கணமே தடுத்துவிடும். பழைய சொல்லும்கூட. குறளில் சுற்றந்தழால் அதிகாரத்தில் இருக்கிறது.

> அரட்டை மாதிரி ஒலிக்கிறதே. அறிக்கையில் எடுபடுமா?

எடுபடும் என்றே நினைக்கிறேன். ‘தலைவர் மாணவர்களுடன் அளவளாவினார்’ என்று நாளிதழ்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன, அதை யாரும் அரட்டையாக எடுத்துக்கொள்வதில்லை. அளவளாவல் அமர்வு, அளவளாவல் குறிப்பு, அளவளாவலில் எழுந்த கேள்விகள் என்று கூட்டுச்சொற்களும் தடையின்றி வருகின்றன. ‘ஊடாட்டம்’ என்று இன்னொருவர் சொன்னதும் நல்ல சொல்தான். ஆனால் கணினித்துறை அதை எடுத்துக்கொண்டுவிட்டது. திரையோடு செய்வதற்கும் அதுவே பெயர் என்றால் மனிதர் காணாமல் போகிறார்.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. இந்த வேலையைச் செய்பவரை எப்படி அழைப்பது? ‘அளவளாவுநர்’ சரியான ஆக்கம்தான், ஆனால் வாயில் நிற்கவில்லை. ‘அறிவியல் தூதர்’ என்றால் மறுபடியும் ஒரு பக்கத்துக்காகப் பேசுபவர் ஆகிவிடுகிறார். ‘இணைப்பாளர்’ கொஞ்சம் நெருங்கி வருகிறது. இதற்கு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். அணியின் பக்கம் அச்சுக்குப் போகும்முன் இது ஒன்றுதான் பாக்கி.

அன்புடன்.