அண்ணனின் கோபம்: எந்த டாக்டரிடம் கூட்டிப்போவது?

வைகைக்கரை:
அண்ணனுக்கு வயது 38, மதுரையில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறார். ஒரு வருடமாகத்தான் இப்படி: குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கிறது, போன மாதம் செல்போனைச் சுவரில் அடித்து உடைத்தார். அரை மணி கழித்து அவரே அழுகிறார். வாரத்தில் மூன்று நாள் குடி. டாக்டர் என்றாலே "எனக்கென்ன பைத்தியமா" என்கிறார். குடியை மறக்கவைக்கும் பொடி என்று ஒன்றைச் சாம்பாரில் கலந்துவிடலாம் என்கிறார் அம்மா. இது கோபமா, நோயா? எங்கே தொடங்குவது?

ஆலமரத்தடி:
முதலில் அந்தப் பொடியைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் என்ற மருந்து கலந்திருந்தால், அது உடம்பில் இருப்பது தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உயிரே போகலாம். டாக்டர்கள் இதே மருந்தைக் கொடுப்பார்கள். ஆனால் நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான்.

கோபத்தையே ஒரு நோயாகக் கணக்கிட மருத்துவத்தில் ஒரு அளவு உண்டு. கத்தல், திட்டல் சராசரியாக வாரம் இரண்டு முறை வீதம் மூன்று மாதம் நீடிக்க வேண்டும். இல்லையென்றால் 12 மாதத்துக்குள் மூன்று முறை பொருளை உடைத்தோ ஆளை அடித்தோ இருக்க வேண்டும். அதுவும் முன்யோசனை இல்லாமல், காரணத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பதின்வயதிலேயே தலைகாட்டிவிடும். 37 வயதுவரை நன்றாக இருந்தவர் ஒரே வருடத்தில் மாறினால் வேறு காரணத்தைத்தான் முதலில் தேட வேண்டும். குடி, மனச்சோர்வு, தைராய்டு, தலையில் அடி, தூக்கக் குறைவு. ஆண்களுக்கு மனச்சோர்வு அழுகையாக வராமல் எரிச்சலாக வருவது மிகச் சாதாரணம். பலத்த குறட்டையும் பகலில் தூங்கி வழிவதும் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். லாரி ஓட்டுகிறவர் என்பதால் விபத்து அபாயமும் சேர்ந்தே இருக்கிறது. வலிப்புக்கு லெவெடிரசிடாம் சாப்பிட்டால் அதுவே எரிச்சலைக் கிளப்பக்கூடும். அதற்காகத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, நேரம், எதற்காக வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, அன்று குடித்தாரா, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார். குடிக்காத நாளில்தான் தட்டு பறக்கிறது என்றால் அது குடி இறங்கும்போது வரும் எரிச்சலாக இருக்கலாம். காலையில் கை நடுங்குகிறதா என்றும் பாருங்கள். நடுங்கினால் திடீரென்று குடியை நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்கடுத்து பிதற்றலும் வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

தெப்பக்குளம்:
"கோபத்துக்கு வைத்தியம்" என்று கூப்பிட்டால் வரமாட்டார். அவரே ஒப்புக்கொள்கிற தொல்லை ஒன்று இருக்கும்: தூக்கமில்லை, தலைவலி, நெஞ்சு படபடப்பு. அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். கத்தி முடித்த கையோடு பேசாதீர்கள், மறுநாள் காலை பேசுங்கள்.

அதற்கு முன் நீங்களே 14416-க்குப் பேசலாம். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். நேரில் என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவில் புறநோயாளி சீட்டு போட்டால் போதும். வெளியூர்க்காரர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல டாக்டரைக் கேளுங்கள். நோட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை இரண்டையும் எடுத்துப் போங்கள். அண்ணியிடம் டாக்டர் தனியாகப் பேச வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அண்ணன் பக்கத்தில் இருந்தால் அண்ணி வாய் திறக்கமாட்டார்.

மருந்து எழுதினால் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பத்தாவது நாள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கிறது. மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. குடியோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். சிலருக்கு முரட்டுத்தனமும் கூடும்.

செம்பருத்தி:
டாக்டரைப் பார்க்கும்வரை ஒரு பழக்கம். தாடை இறுகுவது, காது சூடாவது, குரல் ஏறுவது, இதில் எது முதலில் வருகிறது என்று அவரே கண்டுபிடிக்கட்டும். அது வந்ததும் "சூடேறுது, அரை மணியில வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடக்க வேண்டும். வண்டி எடுக்கக் கூடாது, டாஸ்மாக் பக்கம் போகக் கூடாது. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும்.

இது கெட்டுப்போவது மூன்று இடத்தில்: சொல்லாமல் கிளம்புவது, வீட்டில் யாராவது பின்னாலேயே போய்ப் பேசுவது, நடக்கும்போது சண்டையை மனதுக்குள் திரும்ப ஓட்டுவது. தலையணையைக் குத்தினால் கோபம் இறங்கும் என்பதும் தவறு. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் குத்துப்பையை அடித்தவர்களைவிட சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் கோபம் குறைந்திருந்தது.

வைகைக்கரை:
நன்றி. ஒன்று விட்டுப்போனது. லோடு ஏற்றும் இடத்தில் யாரிடமும் அவர் குரல் உயர்த்துவதே இல்லை. வீட்டில் மட்டும்தான்.

ஆலமரத்தடி:
அப்படியானால் அடக்க முடியாத கோபம் என்று மட்டும் இதைப் பார்க்காதீர்கள். வெளியே அடக்குகிறார் அல்லவா. அண்ணியிடம் தனியாகக் கேளுங்கள்: அடித்தாரா, கழுத்தைப் பிடித்தாரா? கழுத்தில் ஒரு முறை கை வைத்திருந்தாலும் அது உயிர் ஆபத்தின் அறிகுறி. வைத்தியம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே அண்ணியையும் பிள்ளைகளையும் வேறிடத்துக்குக் கூட்டிப்போங்கள். காயம் வெளியே தெரியாவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மனு வாங்க மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அண்ணிக்குப் பயம் இருக்கும்வரை இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கவுன்சிலிங் செய்ய வேண்டாம். அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும்.