டாசிட் நாலெட்ஜ்: ‘மறையறிவு’ வேண்டாம், ‘பழகறிவு’ என்போம்

> பல்கலைக்கழக ஆய்வுக்குழுத் தலைமை பற்றிய சொற்பட்டியலில் டாசிட் நாலெட்ஜ் = மறையறிவு, நாலெட்ஜ் ஹைடிங் = அறிவு மறைப்பு என்று இட்டிருக்கிறேன். கருத்து வேண்டும்.

ஐயா, வணக்கம்.

இரண்டாவது இருக்கட்டும். முதலாவதை மாற்றியே ஆக வேண்டும். ஒன்று சொல்ல வராத அறிவு, மற்றது சொல்ல மனமில்லாத அறிவு. இரண்டுக்கும் ‘மறை’யே வேர் என்றால், பட்டியலைப் பார்க்கும் துறைத்தலைவர் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் பார்ப்பார்: ‘எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்’ என்று சுற்றறிக்கை விடுவார்.

எழுதிக் கொடுத்தால் போதாது என்பதற்கு நீலக்கல் கதை நல்ல சான்று. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் பிராகின்ஸ்கியின் குழு, நீலக்கல் படிகத்தின் அதிர்வு எவ்வளவு மெல்லத் தேய்கிறது என்று அளந்தது. அந்த மெதுவை அளக்கும் எண்ணுக்குத் தரக்காரணி என்று பெயர்; மெல்லத் தேயத் தேய எண் கூடும். அறை வெப்பநிலையில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 40 கோடி. மேற்கத்தியக் குழுக்களால் சுமார் இருபது ஆண்டுகள் அந்த அளவை எட்ட முடியவில்லை. இரு தரப்பும் நேரில் சேர்ந்து வேலை செய்த பிறகே, 1999இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் முடிந்தது. சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 2001இல் இதை விரிவாக எழுதினார்.

சிக்கலில் ஒரு பங்கு படிகத்தைத் தொங்கவிடும் நூலில் இருந்தது. நூலும் கல்லும் உரசினால் அதிர்வின் ஆற்றல் அங்கேயே கசிந்துவிடும். அதனால் நூலுக்கு மெல்லிய கொழுப்புப் பூச்சு வேண்டும். கூடினாலும் அளவு கெடும், குறைந்தாலும் கெடும். மூக்கருகே தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையை விரலில் தொட்டு நூலில் இழுப்பதும் மாஸ்கோ குழு கையாண்ட வழிகளில் ஒன்று. எத்தனை மைக்ரோகிராம் என்று யார் எழுதுவது? இதில் மறைத்தவர் யாருமில்லை.

ஆகவே என் பரிந்துரை: பழகறிவு. இது வினைத்தொகை; பட்டறிவு, பகுத்தறிவு இலக்கண வகையில் வேறானாலும் அவற்றின் பக்கத்தில் இயல்பாக உட்காரும். ‘பழகு’ என்பது வேலையில் பழகுவதையும் குறிக்கும், ஆளோடு பழகுவதையும் குறிக்கும். இந்த அறிவு கைமாறுவதற்கு இரண்டுமே வேண்டும்.

---

> ‘உள்ளுறை அறிவு’ ஏற்கெனவே புழங்குகிறதே. பழகறிவு என்றால் கைவேலைக்கு மட்டும் என்று ஆகிவிடாதா?

அம்மா, உள்ளுறை உவமம் புலவன் வேண்டுமென்றே பொதிந்து வைப்பது, படிப்பவர் அவிழ்க்கக்கூடியது. இங்கே பொதிந்தவரும் இல்லை, அவிழ்க்கப் பொட்டலமும் இல்லை. கண்ணும் பழகும் என்பதால் கைவேலையோடு நின்றுவிடாது. செல் வளர்ப்பில், குடுவையில் ஒட்டிய செல்களைப் பிரிக்க டிரிப்சின் என்ற நொதியை ஊற்றுவார்கள். ‘டிரிப்சின் 0.25%, 37 பாகையில் 3 நிமிடம்’ என்று குறிப்பேடு சொல்லும். தேர்ந்தவர் கடிகாரத்தை நம்ப மாட்டார். நுண்ணோக்கியில் செல்கள் உருண்டு விளிம்பு மின்னுவதைப் பார்த்து, குடுவையை ஒரு தட்டுத் தட்டி, உடனே வளர்ப்பு ஊடகத்தை ஊற்றி நொதியின் வேலையை நிறுத்துவார். 3 நிமிடத்தையே வேதவாக்காக எடுத்தவருக்குச் சில வகைச் செல்கள் ஒட்டியபடியே நிற்கும், சில சிதைந்துபோகும்.

குழுத்தலைவர் இதைக் கடத்த வேண்டுமானால், முதலில் புதியவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அடுத்த முறை அவரே செய்ய, மூத்தவர் வாயை மூடிக்கொண்டு நிற்கட்டும். மூத்தவர் பொறுக்காமல் ‘ஏய், நிறுத்து’ என்று கைநீட்டும் ஒவ்வோர் இடமும் குறிப்பேட்டில் விடுபட்ட ஒரு வரி. அன்றே சேர்க்க வேண்டும். இதை மூத்தவர் ஆய்வேடு எழுத உட்காரும் முன்பே முடித்துவிட வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் தொடங்கினால் நடக்காது, ஆளே ஆய்வகப் பக்கம் வர மாட்டார்.

அறிவு மறைப்புக்கு இந்த மருந்து வேலை செய்யாது. மேலாண்மை ஆய்வாளர் கானெலியும் உடனாசிரியர்களும் 2012இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள். அரைகுறையாகச் சொல்லியோ, அப்புறம் தருகிறேன் என்றோ தட்டிக் கழிப்பது நழுவல். தெரிந்தும் தெரியாதது போல் இருப்பது அறியா நடிப்பு. ‘வழிகாட்டி சொல்லக் கூடாது என்றார்’ என்பது காரணங்காட்டல். இந்த மூன்றாவதில் பொய் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மூன்றுக்கும் பொதுவானது, ஒருவர் கேட்டும் தராமல் இருப்பது. யாரும் கேட்காதபோதே சேர்த்து வைத்துக்கொள்வது வேறு. ரேஷன் அரிசிக்குச் சொல்கிற ‘பதுக்கல்’ அதற்குக் கச்சிதம்.

ஆய்வுக்குழுவில், கட்டுரையில் பெயர் விட்டுப்போகும் என்ற பயமும் மறைப்புக்குத் தூண்டுதல் ஆகலாம். எனவே மருந்தையும் அங்கே தேட வேண்டும்: கட்டுரைக்கு யார் என்ன செய்தார் என்று குறிக்கும் கிரெடிட் (CRediT) வகைப்பாட்டின் 14 பங்குகளில் யாருக்கு எது என்று சோதனை தொடங்கும் முன்பே பேசி எழுதிவைப்பது, பங்கு மாறினால் தாளையும் திருத்துவது. முதல் ஆசிரியர் யார் என்ற பேச்சை முடிவுகள் வந்தபின் எடுக்கும் தலைவர், மறைப்பைத் தானே வளர்க்கிறார்.

---

> சரி, பழகறிவு ஏற்கிறேன். எதிர்ச்சொல் எழுத்தறிவா?

அது லிட்டரசிக்குப் போய்விட்டது. எழுத்தில் வடிக்க முடிகிற அறிவான எக்ஸ்பிளிசிட் நாலெட்ஜுக்குப் ‘பதிவறிவு’ என்று வையுங்கள். மேலாண்மை அறிஞர்கள் நொனாகா, டாகேயுச்சி 1995இல் இந்த இரண்டு அறிவுக்கும் இடையே சொன்ன நான்கு மாற்றங்களில், பழகறிவிலிருந்து பழகறிவுக்குப் போவதைப் ‘பழக்கல்’ எனலாம். பழகறிவைப் பதிவறிவாக்குவதற்குப் ‘பதிவாக்கம்’ சரிப்படாது. ஒலிப்பதிவு நினைவு வருகிறது. ‘சொல்லாக்கம்’ என்றால் நாம் இங்கே செய்வதோடு குழம்பும். அந்த ஓர் இடத்தை மட்டும் காலியாக விடுங்கள், வேறு யாராவது சொல்லட்டும்.