எல்.எஸ்ஸா ஷெல்லா: ஸ்டாரை விரிக்கது யாரு?

கொக்கிரகுளத்தான்:
புதுசா லினக்ஸ் படிக்கவங்களுக்குன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்காரு: "எல்.எஸ் *.டெக்ஸ்ட் என்று அடித்தால் எல்.எஸ் கட்டளை ஸ்டாரைப் புரிந்துகொண்டு கோப்புகளைத் தேடித் தரும்." சுத்தத் தப்பு. எல்.எஸ் கோப்புப் பேரை லிஸ்ட் போடுத கட்டளை, அதுக்கு ஸ்டார்னா (* குறி) என்னன்னே தெரியாது. ஸ்டாரை விரிச்சு, பொருந்துத கோப்புப் பேரா மாத்துதது ஷெல், அதாவது நாம அடிக்கதை வாங்கிக் கட்டளையை ஓட்டுத நிரல். எல்.எஸ் ஓட ஆரம்பிக்க முன்னாடியே ஸ்டார் இருந்த இடத்துல கோப்புப் பேரெல்லாம் வந்து உக்காந்திரும். எக்கோ *.டெக்ஸ்ட் அடிச்சுப் பாருங்க. எக்கோ குடுத்த சொல்லைத் திருப்பிக் காட்டுத கட்டளை, அதுக்கு டைரக்டரியைப் (கோப்பு இருக்க அடைவை) படிக்கவே தெரியாது, ஆனா பேரு பூரா வரும்.

டவுன்_மணி:
எழுதினது நான்தான்வே. பேரைச் சொல்லியே பேசும். டாஸ்னு பழைய இயங்குதளத்துல லிஸ்ட் கேட்டு டிர் *.டெக்ஸ்ட் அடிச்சா டிர்தான தேடுச்சு? படிக்க பிள்ளைக்கு லிஸ்ட் வந்தாப் போதும். யாரு விரிச்சா என்ன?

கொக்கிரகுளத்தான்:
டாஸ்ல அந்தந்தக் கட்டளைதான் விரிக்கணும். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ்ல 1971 முதல் பதிப்புலயே இதுக்குன்னு குளோப்னு தனி நிரல் உண்டு. 1979 ஏழாம் பதிப்புல வந்த போர்ன் ஷெல் அந்த வேலையைத் தனக்குள்ளயே வச்சுக்கிட்டு. எந்தக் காலத்துலயும் எல்.எஸ் விரிக்கல.

யாரு விரிச்சா என்னவா? டைரக்டரிக்குள்ள "-ஆர்எஃப்"னு பேரு வச்ச கோப்பு ஒண்ணு கிடந்து, நீங்க கோப்பை அழிக்க ஆர்.எம் * அடிச்சா, அந்தப் பேரு ஆப்ஷனா (கட்டளை எப்படி ஓடணும்னு சொல்லுத குறிப்பா) மாறி துணை டைரக்டரியெல்லாம் கேள்வி கேக்காம அழிஞ்சிரும். ஆர்.எம் ./* னு அடிக்கணும், அப்போ பேரு ./ னு தொடங்கும், ஆப்ஷனா மாறாது.

சந்திப்பு_ராசா:
கோப்பைத் தேடுத ஃபைண்ட் கட்டளை ஸ்டாரை வச்சுத் தானாவே தேடுதுல்லா? மணி அண்ணாச்சி சொன்னதுல பாதி சரிதான்.

கொக்கிரகுளத்தான்:
ஃபைண்டுக்குப் பொருத்திப் பாக்கத் தெரியும், எல்.எஸ்ஸுக்குத் தெரியாது. அதனாலதான் ஃபைண்ட் . -நேம் '*.டெக்ஸ்ட்' னு மேற்கோளுக்குள்ள போடச் சொல்லுதோம். போடலேன்னா ஷெல் முந்திக்கிடும். நிக்க டைரக்டரியில பொருந்துத கோப்பு ஒண்ணு இருந்தா, அந்த ஒரே பேரை மட்டும் உள்ள பூரா தேடும். பிழையும் வராது, லிஸ்டும் குறையும். ரெண்டு இருந்தா பிழை வரும். ஒண்ணுமே இல்லேன்னா ஷெல்லுக்கு ஷெல் மாறும்: பேஷ்ல ஒழுங்கா ஓடிரும், இசட்‌ஷெல்ல அங்கனயே நின்னுரும்.

டவுன்_மணி:
மாட்டினீரு. பேஷ்ல ஒண்ணும் பொருந்தலேன்னா "*.டெக்ஸ்ட் அப்படி ஒரு கோப்பு இல்லை"னு சொல்லது எல்.எஸ் தான? ஸ்டார் அது கைக்கு வந்திருக்குல்லா?

கொக்கிரகுளத்தான்:
வந்துச்சு. வந்து என்ன செஞ்சுது? ஸ்டாரையே பேரா வச்ச கோப்பு இருக்கான்னு பாத்துது. நான் சொன்னதுக்கு நீங்களே சாட்சி சொல்லுதீங்க.

அம்பை_கீதா:
கேள்விக்குறியை யாரும் தொடலையே. ஸ்டார் மாதிரிதான், ஆனா ஒரு எழுத்துக்கு மட்டும் பொருந்தும். 'நெல்லை'னு கோப்பு இருக்கு, எல்.எஸ் நெல்? அடிச்சா வராது. நமக்கு 'லை' ஒரு எழுத்து. யூனிகோடுல லகரம் ஒண்ணு, ஐகாரக் குறி ஒண்ணு. நெல்?? தான் அடிக்கணும். பேஷ்ல லொகேலை (மொழி, எழுத்து அமைப்பை) சி-ன்னு மாத்திட்டா பைட் கணக்கு, ஆளுக்கு மூணு பைட், ஆறு கேள்விக்குறி. தமிழ்ல பேரு வைக்கவங்களுக்கு இதுதான் முக்கியம்.

கொக்கிரகுளத்தான்:
அதை எண்ணுததும் ஷெல்தான், எல்.எஸ் இல்ல.

அம்பை_கீதா:
எல்.எஸ்னு நான் சொல்லவே இல்லையே அண்ணாச்சி!

டவுன்_மணி:
என்ன கேட்டாலும் ஷெல். போன மாசம் கிரெப் கட்டளை பத்திப் பேசும்போதும் இப்படித்தான், மத்தவங்களை வாயைத் திறக்க விடல.

கொக்கிரகுளத்தான்:
கிரெப்புல அன்னைக்கும் நான் சொன்னதுதான் சரி. ஒரு டைரக்டரியில ரெண்டு லட்சம் கோப்பு இருந்தா எல்.எஸ் * "ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்"னு (கட்டளைக்குக் குடுத்த லிஸ்ட் ரொம்ப நீளம்) விழுந்திரும், வெறும் எல்.எஸ் விழாது. ஏன்? விரிச்ச பேரையெல்லாம் கெர்னல் (இயங்குதளத்தோட மையம்) வழியா எல்.எஸ்ஸுக்குக் கடத்தணும், 8 எம்பி ஸ்டாக் (நிரலுக்கு ஒதுக்குத ஒரு நினைவகப் பகுதி) உள்ள லினக்ஸ்ல அதுக்கு வரம்பு 2 எம்பி. எக்கோ * விழாது, அது ஷெல்லுக்குள்ளயே இருக்கு. எல்.எஸ்தான் விரிக்குன்னா அது ஏன் விழணும்? பதில் சொல்லுங்க மணி.

டவுன்_மணி:
ரெண்டு லட்சம் கோப்பை ஒரே இடத்துல போட்டவனைக் கேளும்.

சந்திப்பு_ராசா:
எல்லாத்தையும் காட்டச் சொல்லி எல்.எஸ் -ஏ * அடிச்சும் நிக்க இடத்துல உள்ள புள்ளிக் கோப்பு ஏன் வரல?

கொக்கிரகுளத்தான்:
புள்ளியில தொடங்குத பேரை ஸ்டார் தொடாது. அதை விட்டுட்டுத்தான் ஷெல் லிஸ்ட் போட்டுக் குடுக்கு, அதுக்கப்புறம் -ஏ என்ன செய்யும்? ஸ்டார் அதையும் தொடணும்னா பேஷ்ல ஷாப்ட் -எஸ் டாட்குளோப் போடுங்க, இல்லேன்னா ஸ்டாரை எடுத்துட்டு எல்.எஸ் -ஏ மட்டும் அடிங்க. மணி, பதிவைத் திருத்துனீங்களா?

டவுன்_மணி:
திருத்தல. வே, பாடம் நடத்தணும்னா தனியா நடத்தும்.

கொக்கிரகுளத்தான்:
"வே"ங்கிறதை உங்க சேக்காளிட்ட வச்சுக்கிடுங்க. எக்கோ ஸ்டார் அடிச்சீங்களா இல்லையா?