புதுப்பிப்பு: கமாடோ அடுப்பில் ஏறின சூடு இறங்காதது ஏன்?

கமாடோவில், அதாவது மூடி போட்ட முட்டை வடிவப் பீங்கான் கரி அடுப்பில், நாட்டுக்கோழி சுட 130 டிகிரி செல்சியஸ் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். சூடு 180-ஐத் தாண்டிவிட்டது, இறக்க முடியவில்லை என்று அண்ணாச்சிமார் சிலர் கேட்டிருந்தார்கள்.

காரணம் அந்தத் தடித்த பீங்கான் சுவர். குடித்த சூட்டை அது லேசில் விடாது. அதனால் 100-ஐத் தொட்டதுமே காற்று போய்வரும் இரண்டு வாயையும் ஒடுக்கத் தொடங்குங்கள்: கீழ்வாய் ஒரு விரல் அகலம், மேல்வாய் அதிலும் பாதி. சூட்டைக் குறைக்க மூடியைத் திறப்பதுதான் பெரிய தவறு. காற்று பாய்ந்து கரி முழுதும் பற்றிக்கொள்ளும். வேறு வேலைக்குத் திறந்தே ஆக வேண்டுமென்றால், சூடு 200-க்கு மேல் இருக்கும்போது மூடியை முதலில் இரண்டு அங்குலம் தூக்கி, சில நொடி பொறுத்துத் திறக்க வேண்டும். இல்லையென்றால் தீ முகத்தில் சீறும்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தனிச் சிக்கல். கீழ்வாய் மேற்கே பார்த்திருந்தால் எவ்வளவு ஒடுக்கினாலும் கரி கனன்றுகொண்டே இருக்கும். கிழக்கே திருப்பி வையுங்கள்.

நம் பக்கத்து உடைமரக் கரி அருமையாக நின்று எரியும். தூளை மட்டும் சலித்துத் தள்ளுங்கள், கரித் தட்டின் துளையை அடைத்துவிடும். ஒரே இடத்தில் பற்றவைத்தால் போதும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாற்றம் பீங்கானில் தங்கிவிடும். இரண்டு சிரட்டைத் துண்டே அந்த வேலையைச் செய்யும்.

கறியின் உள்சூடு 74 டிகிரியைத் தொட்டால் கோழி வெந்துவிடும். ஆனால் முற்றின நாட்டுக்கோழியின் தொடை 85-ஐத் தாண்டினால்தான் மெத்தென்று வரும்.

ஐப்பசி மழையில் நனைந்த அடுப்பைச் சிறுதீயில் ஒரு மணி நேரம் காயவிட்டுத்தான் சூடேற்ற வேண்டும். ஈரத்தோடு சடாரென்று ஏற்றினால் பீங்கான் விரிசல் விடும்.