கோல்ஃப் ஸ்விங்குக்குத் தமிழ் என்ன? சனிக்கிழமைக்குள்ள வேணும்

நுவரெலியாவிலிருந்து, செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைங்க பன்னிரண்டு பேருக்கு கோல்ஃப் வகுப்பு ஆரம்பிக்கிறேன், ரெண்டு பக்கத்துல தமிழ்த்தாள் ஒண்ணு அடிச்சுக் குடுக்கணும். பிடி, நிலை, பந்து எங்க வைக்கிறது எல்லாம் எழுதியாச்சு, கோல்ஃப் கம்பைப் பின்னால தூக்கிப் பந்தை அடிக்கிற ஸ்விங்குல வந்து நின்னுட்டேன். வீச்சுன்னு போட்டு என் மகன்கிட்ட காட்டினா 'பந்துவீச்சா அப்பா'ன்னு கேக்குறான், ஸ்விங்னே போட்டா அவனுக்கு அது கிரிக்கெட்ல பந்து வளையிறது. இங்க 1889ல தொடங்கின கோல்ஃப் கிளப்புல தாத்தா, அப்பா, நான்னு மூணு தலைமுறையா கெடியா, அதாவது ஆடுறவங்களுக்குக் கம்புப் பை தூக்குற ஆளா, இருந்திருக்கோம், ஆனா இந்த விளையாட்டைப் பத்தித் தமிழ்ல ஒரு வரி எழுதின தாள் எங்க வீட்டுல இல்ல. அதனாலதான் கேக்குறேன், சொல்லுங்க.

ஹட்டனிலிருந்து, புதன் காலை

அண்ணே, வீச்சு வேணவே வேணாம். கணக்குப் பாடத்துல உயர்ந்த பெறுமானத்துல இருந்து குறைஞ்ச பெறுமானத்தைக் கழிச்சா வர்றதுதான் வீச்சு, நானே வாரம் பூரா அதைத்தான் படிப்பிக்கிறேன். ஊசல்னு வைங்க. தோள்பட்டையில இருந்து ரெண்டு கையும் கம்பும் ஒண்ணாத் தொங்கி ஆடுறதுதானே, அது ஊசல் இல்லாம வேற என்ன? ஊஞ்சலுக்குப் பழைய பேரே ஊசல்தான், சிலப்பதிகாரத்துல ஊசல்வரி இருக்கு, மாணிக்கவாசகர் பொன்னூசல் பாடியிருக்கார். பிள்ளை காதுல விழுந்ததும் உடம்பு தானா ஆடுற சொல்லு அது.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மதியம்

தங்கச்சி, ஊசல் அங்கையும் இங்கையும் ஆடிக்கொண்டே இருக்கும், இவர் சொல்லுறது ஒருக்கா தூக்கி ஒருக்கா அடிக்கிறதை. அதுக்கு எங்களிட்டை இரண்டாயிரம் வருசப் பழக்கமுள்ள சொல் கிடக்குது, ஓச்சு. குறள் 562ஐப் பாருங்கோ, 'கடிதோச்சி மெல்ல எறிக'. ஓங்கு எண்டால் தானாய் உயருறது, ஓச்சு எண்டால் நாங்கள் உயர்த்துறது, வாளோச்சு, கோலோச்சு எல்லாம் இதுதான். கம்புக்கும் ஒரு சொல் தாறன், செண்டு. ஐயனார் கையிலை நுனி வளைஞ்ச கோல் ஒண்டு இருக்கும், அதுதான் செண்டு. திருவிளையாடல் புராணத்திலை உக்கிரபாண்டியன் மேரு மலையை அடிச்சதும் செண்டாலைதான். குதிரை ஓட்டப் பழகுற வெளிக்கு செண்டுவெளி எண்டு பேர் இருந்தது. நுனி வளைஞ்ச கோலாலை அடிக்கிற விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமாய் ஒரு சொல் கிடைக்குமோ?

நுவரெலியாவிலிருந்து, புதன் இரவு

ஐயா, செண்டு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, ஆனா கடையில பிள்ளைங்க செண்டுன்னு கேட்டா வாசனை செண்டுதான் எடுத்துக் குடுப்பாங்க.

குறளை வச்சு மத்தியானத்துல இருந்து யோசிச்சேன். கோல்ஃப்ல கடிது, அதாவது வேகமா, ஓச்சக் கூடாதுங்க ஐயா, அங்கதான் எல்லாம் கெட்டுப்போகுது. இன்னைக்குச் சாயந்தரம் மகனை நிக்க வச்சேன், கம்பைப் படார்னு பின்னால இழுத்தான், தோள் திரும்பல, கை மட்டும் மேல போச்சு, இறங்கும்போது கம்பு வெளிய இருந்து உள்ள வந்து வெட்டுச்சு, கம்போட அடிக்கிற முகம் வேற தொறந்து கெடந்துச்சு, பந்து வலப்பக்கமா வளைஞ்சு தண்ணி ஓடுற கானுக்குள்ள. நாலு தடவையும் அதே கான். அப்புறம் பிடியைப் பாத்தா கையை நெரிச்சு வச்சிருக்கான். கொழுந்தை எடுத்துக் கூடையில போடுற வரைக்கும் அம்மா எப்படிக் கசக்காம வச்சிருக்கோ அப்படிப் பிடிடான்னேன், குனிஞ்சு பாத்தா இடது கையில ரெண்டு விரல் முட்டி தெரியணும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வர்ற கோடு வலது தோளைப் பாக்கணும். முதுகு பந்து போற பக்கத்தைப் பாக்குற வரைக்கும் மெதுவாத் திரும்பி, அப்புறம் இடுப்பு முதல்ல, கை பின்னால. அஞ்சாவது பந்து நேராப் போச்சு.

பசங்க எல்லாம் பலத்தை நம்பித்தான் கெடுறாங்க. நாம இருக்கிறது 1868 மீட்டர் உயரத்துல, காத்து லேசு, அதே அடிக்குக் கொழும்பை விட இங்க பந்து கூடத்தான் போகும், வலிச்சு அடிக்க அவசியமே இல்ல. அதனால எனக்கு ஒரு சொல்லு பத்தாது, மேல போறதுக்கு ஒண்ணு கீழ வர்றதுக்கு ஒண்ணு தனித்தனியா வேணும், அதுவும் மைதானத்துல நின்னு கத்திச் சொல்ற மாதிரி சின்னதா.

கண்டியிலிருந்து, வியாழன்

ஸ்விங்னே விடுங்களேன். பிள்ளை நாளைக்குத் திகனை கோல்ஃப் மைதானத்துக்கு விளையாடப் போனாலும் சிங்களப் பையனும் வெள்ளைக்காரரும் ஸ்விங்னுதான் சொல்லுவாங்க, நம்ம பிள்ளை மட்டும் முழிச்சிக்கிட்டு நிக்கணுமா? தோட்டத்துல காலையில வேலைக்கு ஆளுங்களை நிறுத்திக் கணக்கெடுக்கிற பரேட் நம்ம வாயில பெரட்டு ஆகி, அந்த இடம் பெரட்டுக்களம் ஆச்சு, இன்னைக்கு அது நம்ம சொல்லு இல்லன்னு யாராவது சொல்லுவாங்களா.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் இரவு

தம்பி, பெரட்டு உங்கடை ஆக்களுக்கு வந்தது துரை கூப்பிட்டு நிரையிலை நிப்பாட்டினபடியால். இப்ப பிள்ளையளைக் கூப்பிடுறது அவையின்ரை சொந்த ஆள். அவர் கேக்குற சொல் அவரின்ரை பாசையிலை இருக்கவேணும் எண்டுதான் நான் மினக்கெடுறன். பரிமேலழகரும் கடிதோச்சலை அளவு மிஞ்சச் செய்வார் போலத் தொடங்குறது எண்டுதான் சொல்லுறார், வேகம் எண்டு இல்லை. ஓச்சு நிக்கட்டும்.

நுவரெலியாவிலிருந்து, சனி மாலை

ஐயா, ஓச்சுன்னு மகன்கிட்ட சொன்னேன், 'என்னது'ன்னு திரும்பிப் பாத்தான். 'ஓங்கு'ன்னேன், உடனே கம்பு மேல போச்சு. கைய ஓங்காதன்னு வீட்டுல தினம் கேக்குற சொல்லுதானே. 'இறக்கு'ன்னேன், இறக்கினான். அதனால தாள்ல ஓங்கல், இறக்கல், ரெண்டும் சேர்ந்தா வீச்சு. டீச்சர் கோவிச்சுக்காதீங்க, குழுவுல கேட்ட ஆறு பேர்ல நாலு பேர் கடைசியில வீச்சே போதும்னுட்டாங்க, அச்சுக்காரர் ஆறு மணிக்குக் கடையைச் சாத்திருவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து, சனி இரவு

ஓங்கல் எண்டால் மலை. 'ஓங்கலிடை வந்து உயர்ந்தோர் தொழவிளங்கி' எண்டு படிச்சனாங்கள். மலையிலை இருக்கிற பிள்ளையளுக்கு மலை எண்டே எழுதிக் குடுக்கப் போறியள். என்ரை மறுப்பைப் பதிஞ்சு வையுங்கோ.

ஹட்டனிலிருந்து, ஞாயிறு காலை

தாள் கிடைச்சது அண்ணே, கொழுந்து உதாரணம் நல்லா விழுந்திருக்கு. அச்சுல வீச்சுன்னே இருக்கட்டும். என் பிரதியில மட்டும் பேனையால வெட்டி ஊசல்னு எழுதி வச்சிருக்கேன்.