பழ ஸ்கோன்: உங்கள் வீட்டில் எழும்பியதா, படுத்துவிட்டதா?

எக்ஸிடர்வாசி:

இங்கிலாந்தின் டெவனுக்குக் குடிவந்து ஆறு வருடமாகிறது. இந்தப் பக்கம் ஸ்கோனிடமிருந்து, அதாவது மைதாவும் வெண்ணெயும் சேர்த்துச் சுடும் சின்ன உப்பலான ரொட்டியிடமிருந்து, தப்பிக்க வழியில்லை. பழைய மாளிகை பார்க்கப் போனாலும், கடற்கரைக்குப் போனாலும், சர்ச்சில் ஏதோ விற்பனை என்று எட்டிப் பார்த்தாலும் ஒரு தட்டில் இரண்டு ஸ்கோன், சின்னக் கிண்ணத்தில் கிளாட்டட் கிரீம் (கெட்டியான பாலாடை), ஸ்ட்ராபெரி ஜாம், கூடவே டீ. இந்தக் கூட்டணிக்குக் கிரீம் டீ என்று பெயர். டெவனில் முதலில் கிரீம், அதன்மேல் ஜாம். டாமர் ஆற்றைத் தாண்டிக் கார்ன்வாலுக்குள் நுழைந்தால் முதலில் ஜாம், அப்புறம்தான் கிரீம். மாற்றித் தடவினால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஆனால் பார்ப்பார்கள்.

மைதாவும் வெண்ணெயும்தானே, இதில் என்ன இருக்கிறது என்று போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை நானே இறங்கினேன். அளவெல்லாம் சரிதான். செல்ஃப் ரைசிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) 225 கிராம், வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், பால் 150 மில்லி, உலர்திராட்சை ஒரு கைப்பிடி, உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயை மாவில் விரல் நுனியால் தேய்த்து உதிர்க்க வேண்டும். உதிர்த்தேன். நம் புட்டு மாவுப் பதம்தான். பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். பாலும் ஊற்றினேன். அதுவரை பிழையில்லை.

அதற்கப்புறம் கை தன் புத்தியைக் காட்டிவிட்டது. இருபது வருடமாகச் சப்பாத்திக்குப் பிசைந்த கை, சும்மா இருக்குமா? பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தேன். மாவு வழுவழுவென்று பந்துபோல் திரண்டபோது பெருமையாகக்கூட இருந்தது. ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வேறு வைத்தேன். பூரிக்கட்டையால் தேய்த்தேன். டம்ளரைக் கவிழ்த்துத் திருகித் திருகி வட்டம் போட்டேன். முட்டையை அடித்து மேலே, பக்கவாட்டில் எல்லாம் வழிய வழியப் பூசினேன். கடையில் பார்த்த அந்தப் பொன்னிறப் பளபளப்பு வரவேண்டுமே!

வந்தது. பளபளப்பு மட்டும் வந்தது. உயரம் வரவில்லை. இரண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன, மற்றவை தட்டோடு தட்டாகப் படுத்துவிட்டன. வீட்டுக்காரர் ஒன்றைக் கையில் வாங்கி எடைபோட்டுப் பார்த்துவிட்டு, "தட்டையா, வடையா?" என்றார்.

அன்று மாலை வீடியோவில் அம்மாவிடம் காட்டினேன். என்னென்ன போட்டாய் என்று கேட்டார். சொன்னதும், "மைதா, வெண்ணெய், சோடா. அப்போ இது பாதுஷா வகைதானே? பாதுஷாவுக்குப் போய் யாராவது இப்படி மாங்கு மாங்குன்னு பிசைவாங்களா?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. தீபாவளிக்கு அம்மா பாதுஷா மாவைப் பிசையவே மாட்டார். உதிரியாக இருப்பதைச் சேர்த்துப் பிடிப்பார், அவ்வளவுதான். மைதாவில் ஈரமும் அழுத்தமும் சேரச் சேரக் குளூட்டன் என்ற புரதம் வலுத்து ரப்பர்போல இழுக்கும். சப்பாத்திக்கு அது வேண்டும், இங்கே வேண்டாம். குளிர்ந்த வெண்ணெய்த் துணுக்குகள் மாவுக்குள் முழுசாகக் கிடந்தால்தான் சூட்டில் உருகும்போது அதிலுள்ள நீர் ஆவியாகி மாவை ஏடு ஏடாகத் தூக்கும். இரண்டிலும் அதே மாவும் கொழுப்பும்தான், பாதுஷா எண்ணெய்க்குப் போகிறது, ஸ்கோன் அவன் அடுப்புக்குப் போகிறது.

மிச்சத் தப்புகளைப் பக்கத்து வீட்டுப் பாட்டி எடுத்துச் சொன்னார். எண்பதைத் தாண்டியவர், ஒவ்வொரு ஞாயிறும் சுடுகிறவர். பால் பட்டதுமே மாவில் இருக்கும் பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும், ஊறவைத்தால் வீரியம் குறையும், உடனே அவனுக்குள் போக வேண்டும். கட்டை வேண்டாம், கையாலேயே தட்டி இரண்டரை சென்டிமீட்டர் தடிமனில் நிறுத்த வேண்டும். அச்சை நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் எழும்பாது. முட்டைப் பூச்சு உச்சியில் மட்டும். பக்கவாட்டில் வழிந்தால் அது வெந்து பசைபோலப் பிடித்துக்கொள்ளும், பாவம், மாவு எங்கே எழும்பும்? 220 டிகிரி, 12 நிமிடம்.

இரண்டாம் தடவை எழும்பியது. நடுவில் தானாக ஒரு வாய் பிளந்திருந்தது, அங்கே விரலை விட்டுப் பிரித்தால் கத்தியே வேண்டாம். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள். முதல் தடவையே சரியாக வந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்கவும்.

நியூஜெர்சிக்காரி:

அக்கா, பளபளப்பு என்றதும் நான் வேறு எதையோ நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். இங்கே கிளேஸ் என்றால் முட்டையில்லை, சர்க்கரை. ஐசிங் சுகரை (மாவாகப் பொடித்த சர்க்கரையை) எலுமிச்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ குழைத்து மேலே ஊற்றுவது. ஸ்கோனும் வட்டமில்லை. மாவை ஒரே வட்டாகத் தட்டி, பீட்சாபோல எட்டு முக்கோணமாக வெட்டுகிறோம். வெண்ணெய் உங்களுடையதைவிடத் தாராளம், பாலுக்குப் பதில் கிரீம், உள்ளேயே முட்டை. தனியாக ஜாம், கிரீம் எதுவும் வேண்டாம், அப்படியே கடித்துக்கொண்டே காரில் ஏறிவிடலாம்.

எங்கள் மாநிலம் புளூபெரிக்குப் பேர்போனது. காட்டில் கிடந்த புளூபெரியைத் தோட்டப்பயிராக்கி முதன்முதலில் 1916இல் சந்தைக்கு அனுப்பியது இங்குள்ள வைட்ஸ்பாக் பண்ணையிலிருந்துதான். ஜூலையில் போனால் நாமே பறித்துக்கொண்டு வரலாம். அப்படிப் பறித்து வந்த ஒரு வாளிப் பழத்தில்தான் என் முதல் ஸ்கோன்.

மோர் ஊற்றினால் மிருதுவாக வரும் என்று யாரோ சொன்னார்கள். மோரென்றால் புளிப்பு, புளிப்பைச் சரிக்கட்டச் சோடா. நல்லது கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுமே என்று கூடுதலாகத் தட்டிவிட்டேன். வெந்து வந்ததைப் பிய்த்தால் பழத்தைச் சுற்றிலும் பச்சை! பாசி பிடித்த குளத்துக்கல் மாதிரி. பழம் கெட்டுவிட்டதோ என்று அத்தனையும் குப்பையில் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, புளூபெரியின் நிறம், புளிப்புக்கு எதிரான சோடா மாதிரிக் காரம் பட்டால் பச்சைக்குத் திரும்புமாம். சோடா அதிகம், புளிப்பு போதவில்லை, அவ்வளவுதான். சாப்பிட்டிருக்கலாம்.

அடுத்த தடவை உறைந்த பழம் வாங்கினேன். அதை உருக விடாமல் கல்லாகவே கடைசியில் சேர்த்து இரண்டு புரட்டு புரட்டுங்கள். உருகினால் மாவு முழுக்கச் சாம்பல் நிறம்.

இப்போது கிளேஸ். ஐசிங் சுகர் 120 கிராமுக்குச் சாறு இரண்டு மேசைக்கரண்டி. கரண்டியைத் தூக்கினால் நாடாபோல மெதுவாக இறங்க வேண்டும். நான் அவசரப்பட்டுச் சூட்டோடு சூடாக ஊற்றினேன். ஊற்றியது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. பாதி உள்ளே இறங்கி மேல்புறத்தைக் கொழகொழவென்று ஆக்கியது, மீதி தட்டில். முழுசாக ஆறிய பிறகு ஊற்றினால் கால் மணி நேரத்தில் வெள்ளையாக இறுகும், கடிக்கும்போது மெல்லிசாய் உடையும். கடைசியாக ஆரஞ்சுத்தோலைத் துருவிப் போட்டால், சொல்லவே வேண்டாம்.

ஒன்று மட்டும் உறுதி: வெட்டிய முக்கோணங்களை அரை மணி ஃப்ரீசரில் வைத்துவிட்டு அவனில் வையுங்கள். வைக்காதபோதெல்லாம் என்னுடையவை பரந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன.

மெல்பர்ன் ஆச்சி:

பிள்ளையள், நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து மெல்பர்னில் முப்பது வருசமாய் இருக்கிறவள். கை வைக்கக் கூடாது என்று சொல்லுகிறீர்கள். இஞ்சை அதுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், லெமனேட் ஸ்கோன். செல்ஃப் ரைசிங் மா மூன்று கோப்பை, கிரீம் ஒரு கோப்பை, போத்தல் லெமனேட் (காஸ் அடைச்ச இனிப்புச் சோடா) ஒரு கோப்பை. வெண்ணெயும் இல்லை, தேய்க்கிற வேலையும் இல்லை. கிரீமில் உள்ள கொழுப்பே போதும். மேசைக்கத்தியால் குறுக்கும் நெடுக்கும் வெட்டி வெட்டிக் கலக்க வேண்டியதுதான்.

அவுஸ்திரேலியாவில் ஸ்கோன் ஒரு மரியாதையான சாமான். சிட்னி ஈஸ்டர் கண்காட்சிக்குப் போனால் கிராமப் பெண்கள் சங்கத்தின் ஸ்கோனுக்குச் சனம் வரிசையில் நிற்கும். பூசணிக்காய் ஸ்கோனும் உண்டு. குயின்ஸ்லாந்தில் ஒரு முதலமைச்சரின் மனைவி அதாலேயே நாடு முழுக்கப் பேர் எடுத்தவ.

நான் போடுவது பேரீச்சம்பழம். பொடியாய் அரிந்து, ஒரு கரண்டி மாவில் புரட்டிவிட்டுப் போட்டால் கட்டி கட்டியாய் ஒட்டாது. தட்டில் இடைவெளி விடாதேங்கோ, ஒன்றையொன்று தொட்டபடி அடுக்குங்கோ. பக்கத்தில் சாய இடமில்லாவிட்டால் மேலேதானே போக வேணும். பளபளப்புக்கு ஏப்ரிகாட் ஜாமை ஒரு கரண்டி தண்ணியோடை சூடாக்கி வடிச்சு, வெந்து வந்த உடனே தூரிகையால் பூசுவேன். அந்தச் சகோதரி சொன்ன சீனிப்பூச்சு எனக்குத் திகட்டும். தேத்தண்ணியிலும் இனிப்பு, இதிலும் இனிப்பு என்றால் நாக்கு என்னத்துக்கு?

சென்னை வெயில்:

நீங்கள் எல்லாரும் குளிர்ந்த வெண்ணெய், குளிர்ந்த வெண்ணெய் என்கிறீர்கள். மே மாதம் எங்கள் சமையலறைக்கு வந்து பாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து விரலால் தேய்க்க ஆரம்பித்தால், உதிரி வருவதற்குள் வெண்ணெய் நெய்யாகிவிடுகிறது. என் முதல் ஸ்கோன் நெய் பிஸ்கட்டாக வந்தது அப்படித்தான். பிஸ்கட்டாக நினைத்தால் அருமை.

இப்போது செய்வது: வெண்ணெயைக் கட்டியாக உறையவைத்து, கேரட் துருவியில் நேரே மாவுக்குள் துருவிவிடுகிறேன். மாவு, பாத்திரம் இரண்டும் முன்பே ஒரு மணி நேரம் ஃப்ரீசரில். விரலுக்கு வேலையே இல்லை. செல்ஃப் ரைசிங் மாவு எங்கள் தெருக்கடையில் கிடைக்காது. மைதா 125 கிராமுக்குப் பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், நன்றாகச் சலித்தால் போதும். கடையில் வாங்கும் மஞ்சள் வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, மேலே உப்புப் போட்டு நான் பட்ட பாடு போதும்.

சீசனாயிற்றே என்று பங்கனபள்ளி மாம்பழத்தை அரிந்து போட்டேன் ஒரு தடவை. மாவு பஜ்ஜி மாவாக ஓடியது. அந்த வட்டாரமே வேண்டாம் என்று டூட்டி ஃப்ரூட்டிக்கு மாறிவிட்டேன். பப்பாளிக்காய்தான் அது, ஆனால் வெந்தாலும் நிறம் போகாமல் பிள்ளைகளைக் கூப்பிடுகிறது. கிளேஸுக்கு வீட்டுச் சர்க்கரையை மிக்ஸியில் அரைத்தால் நறநறவென்றிருக்கும். இரண்டு முறை அரைத்து, ஒரு டீஸ்பூன் சோளமாவு சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

அவன் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று என் தங்கை கேட்கிறாள். யாராவது சொல்லுங்களேன்.

எடின்பரோ மழை:

தங்கைக்குச் சொல்லுங்கள், தோசைக்கல் போதும். ஸ்காட்லாந்தில் ஸ்கோன் பிறந்ததே கல்லில்தான். அந்தக் காலத்தில் ஓட்ஸ் மாவிலோ வாற்கோதுமையிலோ பெரிய வட்டமாகத் தட்டி, நான்காகக் கீறி, இரும்புக்கல்லில் போட்டுத் திருப்பி எடுத்தார்கள். பேக்கிங் பவுடர் 1843இல் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் கையில் பிறந்தது. இப்போது பார்க்கிற உப்பலான ஸ்கோன் எல்லாம் அதற்கப்புறம்தான். கல்லில் சுடுவதென்றால் ஒரு விரல் தடிமனுக்கு மேல் வேண்டாம், தீயைச் சிம்மில் வையுங்கள், பக்கத்துக்கு ஐந்து நிமிடம். எண்ணெய் விடாமல் கொஞ்சம் மாவு தூவினால் போதும். முட்டைப் பூச்சுக்கு இங்கே வேலையில்லை, வேண்டுமானால் ஆறியதும் நியூஜெர்சித் தங்கையின் கிளேஸை ஊற்றுங்கள்.

உச்சரிப்புச் சண்டையை யாரும் தொடவில்லையே! எங்கள் ஊரில் 'ஸ்கான்', டான் போல. தெற்கே பலர் 'ஸ்கோன்', போன் போல. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்துப் பக்கத்தில் இதே எழுத்தில் ஓர் ஊர் இருக்கிறது, அது 'ஸ்கூன்'. அந்த ஊர்ப் பெயரில் ஒரு கல் உண்டு. ஸ்காட்லாந்து அரசர்கள் முடிசூடும் கல், 152 கிலோ. 1296இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் தூக்கிக்கொண்டு போய், 700 வருடம் கழித்து 1996இல்தான் திரும்பி வந்தது. இப்போது பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எக்ஸிடர் அக்காவின் முதல் ஸ்கோனையும் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

எக்ஸிடர்வாசி:

தம்பி, உங்களுக்கு இருக்கிறது. மெல்பர்ன் ஆச்சி சொன்னபடி நெருக்கி அடுக்கிப் பார்த்தேன், பக்கம் மெத்தென்று உயரமாக வந்தது. நன்றி ஆச்சி.

இன்னொரு விஷயம். ஸ்கோன் கை வந்துவிட்டதே என்ற துணிச்சலில் தீபாவளிக்கு முதல்முறையாக நானே பாதுஷா செய்தேன். பிசையவில்லை, சேர்த்துப் பிடித்தேன். கம்பிப் பதப் பாகில் முக்கி எடுத்துப் பாட்டி வீட்டுக்கு ஆறு கொண்டுபோனேன். அவர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தியை எடுத்துக் குறுக்கே இரண்டாக வெட்டினார். உள்ளே ஏடு ஏடாக இருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்து கிளாட்டட் கிரீமை எடுத்துக்கொண்டு வந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் கிரீம்தான் தடவினார். ஜாம் வேண்டாமென்று பாகைக் காட்டினார்.